தண்ணீர்ப் பணமும் அமானிதமும்

(ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

தக்வா என்னும் இறையச்சத்தைக் கைக்கொள்ளுமாறு முதலில் என் நஃப்ஸுக்கும் பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

தொழுகையையும் நோன்பையும் ஸகாத்தையும் பற்றிப் பேசவேண்டிய மிம்பரில் நின்று சென்னைக் குடிநீர் வாரியத்தின் வரவு செலவைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆனால் இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள ஒரு நபிமொழியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மறுமை நாளில் ஓர் அடியானின் பாதங்கள் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டா. அவனுடைய ஆயுளையும் கல்வியையும் உடலையும் செல்வத்தையும் குறித்து அவன் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அதன் கருத்து. மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. செல்வத்திற்கு மட்டும் இரண்டு கேள்விகள். எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. எதில் சென்றது என்பது மற்றொன்று. வரவைப் பற்றிக் கேட்டு முடித்தபின் செலவைப் பற்றித் தனியாகக் கேட்கப்படுகிறது என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. ஹலாலான வழியில் வந்த பணம் என்பதனால் செலவைக் குறித்த கேள்வி விலகிவிடாது. தனிமனிதன் சட்டைப்பையிலுள்ள காசுக்கே இந்த நிலை என்றால், பல இலட்சம் குடும்பங்களின் பணத்தைக் கையில் வைத்திருப்போரின் நிலை என்ன?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நம் ஒவ்வொருவர் வீட்டிற்கும் ஆண்டுக்கு இருமுறை குடிநீர், கழிவுநீர் வரிக்கான கேட்பு வருகிறது. அதனுடன் கட்டணமும் உண்டு. செலுத்துகிறோம், ரசீதைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். அந்தப் பணம் எங்கே சேருகிறது? 1978ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தில் சேருகிறது. அதற்கு முன்னர் மாநகராட்சியே இந்தப் பணியைச் செய்துவந்தது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்நகரம் குழாய்த் தண்ணீருக்குப் பணம் கட்டத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது விளங்கும். நாம் செலுத்தும் வரியும் கட்டணமும் மட்டும் வாரியத்தின் வருவாயல்ல. அரசின் மானியம் உண்டு. அதுவும் நம் வரிதான். வெளிநாட்டு வங்கிகளின் கடன் உண்டு. அதை வட்டியோடு திருப்பிச் செலுத்தப் போகிறவர்கள் இன்று மதரஸாவில் அலிஃப், பா ஓதிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள்.

சகோதரர்களே! நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஓரிடம். எகிப்தின் மன்னர் அவர்களின் மார்க்கத்தவர் அல்லர். அந்த நாட்டு மக்களும் அல்லர். ஆயினும் பஞ்சம் வரப்போகிறது என்று அறிந்த யூஸுஃப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு தாமே முன்வந்து கேட்டார்கள். அதற்குத் தகுதியாக இரண்டு பண்புகளை அவர்கள் எடுத்துரைத்ததைத் திருக்குர்ஆன் 12ஆம் அத்தியாயம் 55ஆம் வசனத்தில் காண்கிறோம். ஒன்று, காப்பவர் என்பது. மற்றொன்று, அறிந்தவர் என்பது. வெறும் நேர்மை அங்கே போதுமானதாகச் சொல்லப்படவில்லை. நல்லவர், ஆனால் கணக்குத் தெரியாதவர் என்றால் களஞ்சியம் காலியாகும். கணக்குத் தெரிந்தவர், ஆனால் காக்கமாட்டாதவர் என்றால் அதைவிட விரைவாகக் காலியாகும். ஏழாண்டு விளைச்சலை ஏழாண்டுப் பஞ்சத்திற்குப் பங்கிட்ட அந்த நிர்வாகம் தம் மார்க்கத்தைச் சேராத மக்களுக்காகவே நடந்தது. அரசு அலுவலகம் நமக்கு என்ன உறவு, அது யாருடைய பணமோ என்று நம்மில் சிலர் சொல்வதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை.

கணக்குக் கேட்பது குறித்து ஹதீஸ் நூல்களில் மிகத் தெளிவாக அமைந்த நிகழ்ச்சி இப்னுல் லுத்பிய்யா என்பவருடையது. அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட அவர் திரும்பி வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை. பொருள்களை இரண்டாகப் பிரித்து வைத்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். அவருடைய கருத்தில் அது நேர்மையான கணக்குத்தான். நாயகம் (ஸல்) அவர்களோ, தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். பின்னர் மிம்பரில் ஏறி மக்களிடையே இதனை எடுத்துரைத்தார்கள். எடுத்துரைத்தபோதும் அவருடைய பெயரைக் கூறவில்லை. பணிக்கு அனுப்பப்படுகிற ஒருவர் இப்படிச் சொல்கிறாரே என்று பொதுவாகவே பேசினார்கள். குற்றத்தை மறைக்கவும் இல்லை. மனிதரைச் சந்தியில் நிறுத்தவும் இல்லை. நம் காலத்தில் தணிக்கை பற்றிப் பேசுவோர் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை.

இதை வசூலிப்போருக்கு மட்டும் உரிய செய்தியாக எடுத்துக்கொண்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அன்பளிப்பு என்று ஒன்று இருந்தால் அளித்தவர் ஒருவர் இருக்கவேண்டுமல்லவா? கோடையில் தண்ணீர் லாரி தெருமுனைக்கு வரும்போது, நம் வீட்டுத் தொட்டி முதலில் நிரம்பவேண்டும் என்பதற்காக ஒரு நோட்டை மடித்துக் கொடுக்கிறோம். தேநீருக்கு என்று பெயர் சூட்டுகிறோம். அந்த நோட்டினால் நம் வீட்டுக்கு முன்னே வந்த தண்ணீர், நோட்டு இல்லாத ஒரு வீட்டுக்குப் பின்னே போகிறது. வரிசையில் குடத்தோடு நின்ற அந்தத் தாயின் அரைநாள் கூலிக்கு யார் பொறுப்பு? பிறர் பொருளை முறைகேடாக உண்பதற்காக அதிகாரிகளிடம் பணத்தைக் கொண்டு செல்வதை இரண்டாம் அத்தியாயத்தின் 188ஆம் வசனம் தடுக்கிறது. அங்கே கொடுப்பவனை நோக்கியே பேச்சு அமைந்திருக்கிறது.

இனி, நம் சொற்பொழிவுகளில் அடிக்கடி பாராட்டிக் கூறப்படும் ஒரு வரலாற்றைச் சற்று மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் மக்காவுக்கு வரும் ஹாஜிகளின் தாகம் தீர்க்கப் பாறைகளைக் குடைந்து வாய்க்கால் அமைத்தார்கள். பல இலட்சம் தீனார்கள் செலவாயின. பணி முடிந்ததும் மேற்பார்வையாளர்கள் கணக்கேடுகளைக் கொண்டுவந்தபோது, அம்மையார் அவற்றைத் திஜ்லா நதியில் எறியச் சொல்லி, இந்தக் கணக்கைக் கணக்குக் கேட்கப்படும் நாளுக்கு விட்டுவிட்டோம் என்று கூறியதாக எழுதியிருக்கிறார்கள். கேட்கும்போது உள்ளம் உருகுகிறது. அவர்களின் தாராளத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அது அவர்கள் சொந்தப் பணத்தைச் செலவிட்ட கதை என்பதை மறந்துவிடக் கூடாது. தன் பணத்தின் ஏட்டை ஒருவர் ஆற்றில் எறியலாம். பிறர் பணத்தின் ஏட்டை எறிய யாருக்கும் உரிமையில்லை. பொதுப் பணத்தில் அமைந்த ஒரு குழாய்த் திட்டத்தின் கணக்கைக் கேட்டால், தண்ணீர்தான் வந்துவிட்டதே, இனி எதற்குக் கணக்கு என்று சொல்வோர் ஸுபைதா அம்மையாரின் பெருந்தன்மையைப் பிறர் செலவில் காட்டுகிறார்கள்.

நம் நகரத்திலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. வீராணம் என்ற பெயரைக் கேட்டதும் முதியவர்களுக்குச் சாலையோரக் குழாய்கள் நினைவுக்கு வரும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவர 1970களின் தொடக்கத்தில் மாபெரும் குழாய்கள் செய்யப்பட்டன. திட்டம் நின்றுபோயிற்று. குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றினுள் குடித்தனம் நடத்தினார்கள். 1976இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா விசாரணைக் குழு ஆராய்ந்த விவகாரங்களில் இந்த ஒப்பந்தமும் ஒன்று. அந்த வழக்காடல்களில் யார் பக்கம் நியாயம் என்று மிம்பரில் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. கட்சிகளின் சண்டைக்கு ஜுமுஆவில் இடமில்லை. நான் சொல்லவருவது வேறு. புதிய வீராணம் திட்டத்தின் வழியே நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 235 கிலோமீட்டர் கடந்து சென்னையை அடைந்தது 2004ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இந்நகரத்துப் பெண்கள் எத்தனை குடங்களைச் சுமந்தார்கள்? விசாரணைக் குழுவின் ஏடுகளில் ரூபாய்க்குக் கணக்கு இருக்கும். அந்தக் குடங்களுக்குக் கணக்கு இல்லை. காரியம் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கப்படாத கணக்கை, காரியம் கெட்டபின் கேட்டு என்ன பயன்?

மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். தியாகராய நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் இணைந்த நீண்ட ஏரி அது. 1920களில் அதை வற்றச் செய்து மனைகளாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்க்கும் சாலை என்று ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. அன்று மனை விற்ற வரவு ஏட்டில் ஏறியிருக்கும். ஏரியை இழந்த செலவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இன்று அதே நகரம் கடல்நீரைக் காசு கொடுத்து வடிகட்டிக் குடிக்கிறது.

கடல்நீர் என்றதும் அதன் விலையைக் கூறவேண்டும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடிய மீஞ்சூர் நிலையம் 2010இல் தொடங்கியது. தனியார் நிறுவனம் கட்டி நடத்த, வாரியம் அந்த நீரை 25 ஆண்டுகளுக்கு விலைக்கு வாங்குவது என்பது ஏற்பாடு. 1,000 லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு என்று ஒப்பந்த விலை அறிவிக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு அளவில் நீர் வாங்கினால் அந்த விலைப்படி ஒரு நாளைக்கு 48 இலட்சத்து 66 ஆயிரம் ரூபாய். நாம் மக்ரிபிலிருந்து மறுநாள் மக்ரிப் வரை உறங்கி எழுந்து, உண்டு, தொழுது முடிக்கும் நேரத்தில் அவ்வளவு. அடுத்து, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நெம்மேலி நிலையம் 2013இல் வந்தது. அங்கேயே 15 கோடி லிட்டருக்கான இரண்டாம் நிலையம் 1,516 கோடி ரூபாய்த் திட்டமாகி 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென்சென்னைக்கு நீர் தருவது இதுவே. பேரூரில் 40 கோடி லிட்டருக்கான நிலையத்திற்கு 4,276 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவை வேண்டாத செலவுகள் என்று நான் கூறவில்லை. பெசன்ட் நகர், அடையாறு ஓரங்களில் வறட்சிக் காலத்தில் கிணற்று நீர் உப்புக் கரித்ததைக் கண்டவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். இத்தனை விலை கொடுத்து வாங்கிய நீரில் எவ்வளவு வீடு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு வழியில் ஒழுகியது என்பதே கேள்வி. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நீர்மானி இல்லை. ஒரு குடம் பிடித்தவருக்கும் தோட்டம் நனைத்தவருக்கும் ஒரே கட்டணம். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது என்பதை அறிவோம். அளவையே இல்லாத இடத்தில் யாரைக் கண்டிப்பது? அளக்காத பொருளுக்குத் தணிக்கையாளர் எத்தனை திறமையானவராயினும் கணக்குப் பார்க்க முடியாது.

2019ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டன. நாள்தோறும் ஏறக்குறைய 83 கோடி லிட்டர் வழங்கிய வாரியம் 52 கோடி லிட்டர் அளவுக்குக் குறைத்தது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. பள்ளிவாசல்களில் உளூச் செய்து வருமாறு அறிவிப்பு வைக்கும் நிலை வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவர அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஜூலை 12ஆம் நாள் முதல் இரயில் 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டருடன் வில்லிவாக்கத்திற்கு வந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள், செய்தியாளர்கள் படம் எடுத்தார்கள். ஓர் இரயில் கொண்டுவந்த நீர், அன்று வழங்கப்பட்ட அந்தக் குறைந்த நீரிலேயே இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மழை வந்ததும் அக்டோபரில் இரயில் நிறுத்தப்பட்டது. தாகத்தில் தவிக்கும் மக்களுக்கு ஒரு துளியையும் அற்பமாகக் கருத மாட்டோம். ஆனாலும் அவசரம் என்ற சொல் எழும்போதுதான் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் தளர்கின்றன. விலை பேச நேரமில்லை என்கிறார்கள். கேள்வி கேட்பவன் இரக்கமற்றவன் ஆகிறான். லாரி எத்தனை நடை ஓடியது, எந்தத் தெருவில் இறங்கியது என்ற ஏட்டை அந்த நாள்களில்தான் இரு மடங்கு கவனத்துடன் எழுதவேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கட்டளையிடும் இரண்டாம் அத்தியாயத்து 282ஆம் வசனம் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்ற கருத்தும் அதனுள் இருக்கிறது. இருவருக்கிடையே நடக்கும் கடனுக்கே இத்தனை சொற்கள்.

அப்படியானால் பொதுப் பணத்தைச் சரிபார்ப்பவர் எவருமில்லையா? இருக்கிறார்கள். இந்திய அரசியலமைப்பு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்ற பதவியை ஏற்படுத்தியிருக்கிறது. அரசின் மானியமும் கடனும் கணிசமாகச் சென்றடையும் அமைப்புகளின் கணக்கையும் ஆராய 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு வழி செய்கிறது. ரசீது இருக்கிறதா என்று பார்ப்பது ஒருவகைத் தணிக்கை. விதிப்படி செலவானதா என்பது இன்னொரு வகை. எந்த நோக்கத்திற்காகச் செலவானதோ அந்த நோக்கம் நிறைவேறியதா என்று பார்ப்பது மூன்றாவது. அதைச் செயல்திறன் தணிக்கை என்பார்கள். ரசீதுகள் எல்லாம் ஒழுங்காக இருக்க, தண்ணீர் மட்டும் வராமலிருப்பதைக் கண்டுபிடிப்பது அந்த மூன்றாவது வகையே. அறிக்கை ஆளுநரிடம் போய், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பின்னர் சட்டமன்றக் குழுக்களின் ஆய்வுக்குச் செல்கிறது.

முறை நன்று. வேகம் போதாது. 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. நம் ஜமாஅத்தார் படகிலும் தோளிலுமாக மக்களைச் சுமந்து பள்ளிவாசல்களில் தங்கவைத்த நாள்கள் அவை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட முறையைக் குறைகூறும் தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல்! அதற்குள் வீடிழந்தவர் வேறிடம் போய்விட்டார், பொறுப்பிலிருந்தவர் பணிமாறிவிட்டார். இத்தகைய அறிக்கைகள் பலமுறை கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைக்கப்படுவதையும் காண்கிறோம். உறுப்பினர்கள் ஊருக்குப் புறப்படும் நேரத்தில் கைக்கு வரும் ஏட்டை யார் பிரிப்பார்? இந்த இடத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முறை நினைவுக்கு வருகிறது. ஆளுநர்களைப் பதவியில் அமர்த்தும்போதே அவர்களின் சொத்தை எழுதி வைத்துக்கொள்வார்கள். புகார் வந்தால் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அந்த ஊருக்கே அனுப்பி மக்களிடம் நேரில் விசாரிக்கச் செய்வார்கள். அறிக்கை வரக் காத்திருக்காமல் விசாரிப்பவர் புறப்பட்டுப் போனார்.

நம் முன்னோர்கள் தண்ணீரை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வைப் பார்க்கலாம். ஹிஜ்ரி 450இல் மறைந்த அந்தப் பேரறிஞர், பொதுநலக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளை எழுதும்போது, ஓர் ஊரின் குடிநீர் வழி பழுதுபட்டால் என்ன செய்வது என்றே கேட்டு விடை கூறுகிறார்கள். பைத்துல்மாலில் பணம் இருந்தால் அதிலிருந்து சீர்செய்ய அவர் ஆணையிட வேண்டும். பணம் இல்லையென்றால் அந்தப் பொறுப்பு ஊரில் வசதி படைத்தோர் அனைவர் மீதும் விழுகிறது. ஆகவே முதலில் தெரியவேண்டியது கருவூலத்தில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதே. அது தெரியாமல் மக்கள் மீது பாரத்தை ஏற்ற முடியாது. கட்டணத்தை உயர்த்துகிறோம் என்று அறிவிப்பு வரும்போது, ஏற்கனவே வந்த பணம் எப்படிச் சென்றது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஃபிக்ஹு ஆதாரம் எதற்கு?

கேட்கும் வழிகளும் திறந்தே இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைக்கு 1997லேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. ஏட்டைப் பார்வையிடலாம், நடைபெறும் பணியைப் பார்வையிடலாம், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைக்கூடக் கேட்டுப் பெறலாம். ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பதற்கு 1998ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. நம் இளைஞர்கள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறார்கள். கணக்காயர் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களில் இருவர் மூவர் சேர்ந்து, நம் தெருவில் சென்ற ஆண்டு தோண்டிப் போட்ட குழாய்க்கு மதிப்பீடு எவ்வளவு, முடிந்த தேதி எது, மீண்டும் அதே இடம் ஏன் தோண்டப்பட்டது என்று பண்போடு ஒரு மனு எழுதினால் அது எவ்வளவு பெரிய ஸதகா! தம் தாயார் மறைந்தபின் எந்த தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய விடை தண்ணீர் என்பதே. கிணறு வெட்ட இடமில்லாத இந்நகரில், இருக்கும் குழாயைக் காப்பதும் அந்த வகையில் சேரும் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் மனு எழுதும் கை தூய்மையாக இருக்கவேண்டும். இதைக் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வீடுகளில் நம் வீடுகளும் இருக்கின்றன. அந்த மோட்டார் ஓடும்போது குழாயின் கடைசி வீட்டில் சொட்டும் நீரும் நின்றுவிடுகிறது. வாடகைக்கு விட்ட மாடிகளை மறைத்துக் குறைந்த வரி செலுத்துவோர் உண்டு. அனுமதியில்லாத இணைப்பு உண்டு. பொதுப் பொருளில் ஓர் ஊசியையும் அதற்கு மேற்பட்டதையும் ஒளிப்பது மோசடியே என்று அதீ இப்னு உமைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி முஸ்லிம் நூலில் இருக்கிறது. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில், பங்கிடப்படாத பொருளிலிருந்து ஒரு போர்வையை எடுத்தவனைப் பற்றிய எச்சரிக்கையைக் கேட்டதும், ஒருவர் ஒரு செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்த வரலாறும் உண்டு. செருப்பு வார் அது. நம் மோட்டார் ஒரு மணி நேரத்தில் இழுக்கும் நீர் எத்தனை குடம்?

பள்ளிவாசலும் விலக்கல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. ஒரு முத்து என்பது ஏறக்குறைய முக்கால் லிட்டர் என்பது பலரது கணக்கு. நம் குழாயடியில் ஒருவர் உளூச் செய்ய எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று ஒரு வாளியை வைத்து நிர்வாகிகள் ஒருநாள் அளந்து பார்க்கட்டும். குடிநீர் வரி நிலுவை இருந்தால் செலுத்தட்டும். வக்ஃபுச் சட்டப்படி முத்தவல்லி ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்கவேண்டியவர் என்பதை அறிவீர்கள். அந்தக் கணக்கின் ஒரு படியை வெள்ளிக்கிழமை எல்லோரும் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அதை ஒட்டிய ஜமாஅத்தின் மனுவை அரசு அலுவலகத்தில் வாங்குகிறவர் வேறு மரியாதையோடு வாங்குவார்.

குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை காலையில் பொதுமக்கள் குறைகேட்கும் கூட்டம் நடப்பது வழக்கம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மஹல்லாக்களைச் சேர்ந்தவர்கள் தத்தம் பகுதி அலுவலகம் எது என்பதைத் தம் வரி ரசீதிலேயே காணலாம். தொழுகை முடிந்தபின் இளைஞர்கள் சற்றுத் தங்கியிருங்கள். கடந்த இரண்டு அரையாண்டுகளின் ரசீதுகளையும், தெருவில் நீர் வந்த நாள்களை எழுதிய குறிப்பையும் யார் யார் கொண்டுவருவது என்று பேசி முடிவு செய்துகொள்வோம்.

இதனைக் கூறி, எனக்கும் உங்களுக்கும் முஸ்லிமான ஆண்கள், பெண்கள் அனைவருக்கும் அல்லாஹ்விடம் பிழைபொறுப்புத் தேடுகிறேன்.